கோழிகளுக்கு நேரும் உலோக விஷமும் ஜீவசத்தின் காப்பும்

தஞ்சை ஜில்லாவில் குடியானவர் வீட்டுக் கோழி என்பது நிலத்தைப்போலவும் மாட்டைப்போலவும் கணக்கில் ஏறும் சொத்தன்று. அது களத்தில் சிந்திய நெல்லையும், கொல்லையிலுள்ள புழுவையும், அடுப்பங்கரையிலிருந்து விழும் பருக்கையையும் தின்று தானே வளர்வது. அதன் வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு ஆகிறது. அதன் முட்டை கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், நோயினின்று எழுந்தவர்க்கும் போகிறது. உழவு மாடு ஒரு வேளை அசை போடாதிருந்தால் மருத்துவரை அழைத்து வர ஆள் ஓடுகிறது. கோழி நான்கு நாள் சோர்ந்திருந்து ஐந்தாம் நாள் மாண்டால், அது ஏன் மாண்டது என்று கேட்பார் இல்லை. குப்பைமேட்டில் புதைப்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இந்த அசிரத்தையே இக்கட்டுரையில் கூறப்படும் விஷயத்திற்கு மூலகாரணமாகும்.

ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்ஸெனிக் முதலிய கன உலோகங்கள் கோழிகளின் உடலிற் சேர்ந்து விஷமாகும் என்பதும், சில ஜீவசத்துக்கள் அவ்விஷத்தின் கொடுமையை ஓரளவு தணிக்கும் என்பதும் விஞ்ஞானிகளால் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் உண்மைகள். ஆயின், வைட்டமின் எனப்படும் ஜீவசத்துத் தூளையோ திரவத்தையோ தண்ணீரிற் கலந்து வைத்துவிட்டால் எவ்விஷமும் கோழியை அணுகாது என்னும் எண்ணம் சிலரிடம் வேரூன்றி வருகிறது. இவ்வெண்ணம் பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்வதுண்டு. ஆதலின் அதன் எல்லை எதுவரை என்பதை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் தெளிந்து கொள்வது அவசியம்.

கோழியால் அறியப்பட்ட ஜீவசத்து

ஜீவசத்து என்னும் பொருள் உலகிற்குத் தெரியவந்ததே கோழியாலும் அரிசியாலுந்தான் என்பது நெல் விளையும் சீமையிலுள்ளோர் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், 1890-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கிறிஸ்டியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சிக் கோழிகள் திடீரென்று கால் வலுவிழந்து, சிறகு தொங்கி, கழுத்துத் துவண்டு விழுந்தன. கிருமியொன்றும் அகப்படவில்லை. சில மாதங்களுக்குப் பின் கோழிகள் தாமாகவே எழுந்து நடமாடத் தொடங்கின. விசாரித்ததில், அக்கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து நன்கு தீட்டிய வெள்ளரிசிச் சோறு போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதை நிறுத்திவிட்டதும், பிறகு தீட்டாத அரிசி போடப்பட்டதும் வெளியாயின. தவிட்டிலுள்ள ஏதோ ஒரு பொருள் கோழியைக் காக்கிறது என்று தெளிந்தது. 1912-ல் காஸிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் பெயரிட்டார். எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தவிட்டிலுள்ள அப்பொருளே இன்று பி-1 ஜீவசத்து எனப்படுவது.

நமது மாகாணத்திலும் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1920-களில் புறாக்களைக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்ந்தார். புழுங்கல் அரிசி உண்போரிடம் பெரிபெரி அரிதாயிருப்பதும், பச்சை நெல்லை ஆலையில் தீட்டி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் அது மிகுந்திருந்ததும் அக்காலத்தில் நன்கு அறியப்பட்டன. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 அரிசியின் உட்புறத்திற் சென்று தங்குவதே அதன் காரணம். காவேரிப் பாசனத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த புழுக்கல் முறைக்கு விஞ்ஞானம் பின்னர் விளக்கம் தந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினையைக் கொள்ளவேண்டும். எய்க்மனுடைய கோழிகளுக்கு நேர்ந்தது குறைவினால் வந்த நோய். குறைந்த பொருளைக் கொடுத்ததும் நோய் நீங்கிற்று. உலோக விஷம் அத்தகையதன்று. அது உடலில் இருக்கக்கூடாத ஒன்று வந்து சேர்வதால் உண்டாவது. இல்லாததைக் கொடுப்பதும், இருப்பதை வெளியேற்றுவதும் வெவ்வேறு காரியங்கள். இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே பிழையின் தொடக்கம்.

விஷம் வரும் வழிகள்

‘ஆலைகள் நிறைந்த நகரங்களிலன்றோ உலோக விஷம், நெல்லும் வாழையும் விளையும் ஊரில் அது ஏது?’ என்று கேட்பாருண்டு. இக்கேள்வி இயல்பானதே. ஆனால் வீட்டுக் கொல்லையை ஒரு முறை சுற்றிவந்து பார்ப்பவர்க்கு விடை தானே கிடைக்கும்.

முதலாவது ஈயம். டிராக்டர், மோட்டார் சைக்கிள், இன்வர்ட்டர் முதலியவற்றின் பழைய பாட்டரிகள் இப்போது கிராமந்தோறும் உள்ளன. அவற்றின் தகடுகள் காரீயத்தாலும் அதன் கூட்டுப்பொருள்களாலும் ஆனவை. உடைந்த பாட்டரி மாட்டுக்கொட்டகையின் மூலையிற் கிடந்தால், அதிலிருந்து உதிரும் சாம்பல்நிறத் தூள் மண்ணிற் கலக்கிறது. கோழி அம்மண்ணைச் சீய்க்கிறது. பழைய கதவு, சன்னல், கட்டில் ஆகியவற்றினின்று உரிந்து விழும் வர்ணச் செதில்களிலும் ஈயம் இருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016-ல் வகுக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது; அதற்கு முன் அடித்த வர்ணம் இன்னும் எத்தனையோ வீடுகளில் உள்ளது. வீச்சுவலையின் ஓரத்திற் கோக்கப்படும் ஈயக்குண்டுகள் வாய்க்கால் கரையிலும் குட்டையிலும் அறுந்து விழுகின்றன. அறுவடைக்குப் பின் தாள்களில் மேய வரும் வாத்துக் கூட்டங்கள் அவற்றைச் சிறு கல்லென்றெண்ணி விழுங்கக்கூடும். சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் கலவையிலும் ஈயம் ஓர் அங்கம். இத்தகைய புகழ்பெற்ற கைத்தொழில்கள் நடைபெறும் பட்டறைகளின் சாம்பலும் சிட்டமும் கோழி மேயும் இடத்திற் கொட்டப்படாமல் இருப்பது நலம்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தாலானது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயமே. பாட்டரியிலும் வலைக்குண்டிலும் உள்ளது காரீயம். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. விஷமாவது காரீயம். வெள்ளீயமென்று சொல்லிக் காரீயம் கலந்து விற்கப்படும் பாத்திரம் மனிதர்க்கே ஆபத்தானது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது பாதரசம். விதைநெல்லைப் பூஞ்சக்காளான் நோயினின்று காப்பதற்குப் பாதரசம் சேர்ந்த மருந்துத் தூள்கள் ஒரு காலத்தில் நமது நாட்டில் வழக்கத்திலிருந்தன. ஸ்வீடன் தேசத்தில் 1950-களில் அத்தகைய மருந்திட்ட விதையைத் தின்ற பறவைகள் ஏராளமாக மடிந்தன. அந்நாட்டுக் கோழி முட்டைகளிலும் பாதரசம் மிகுந்திருந்தது காணப்பட்டது. 1966-ல் அவற்றுள் கொடியவகை மருந்துகள் அங்கே தடை செய்யப்பட்டபின் முட்டையிலிருந்த பாதரசம் குறைந்தது. எதில் மெர்குரி குளோரைடு, பினைல் மெர்குரி அசிடேட் ஆகிய இரண்டும் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டுவிட்டன. ஆயினும் விதைத்தது போக மிஞ்சிய மருந்திட்ட விதையைக் கழுவிக் கோழிக்குப் போடும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அது உடனே ஒழியவேண்டும். மருந்து எதுவாயினும், விதைக்காக நேர்த்தி செய்தது விதைப்பதற்கே, தீவனத்திற்கன்று.

மூன்றாவதும் நான்காவதும் காட்மியமும் ஆர்ஸெனிக்கும். பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யப்படும் உரங்களில் காட்மியம் சிறு அளவில் இருப்பதுண்டு. அது மண்ணில் மெல்ல மெல்லச் சேர்வது. நெற்பயிரைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டும் எதிரெதிர் குணமுடையவை. நீர் தேங்கி நிற்கும் வயலில் ஆர்ஸெனிக் அதிகமாகவும் காட்மியம் குறைவாகவும் பயிரில் ஏறும். காயவிட்ட வயலில் அதற்கு மாறாக நிகழும். ஆர்ஸெனிக் அரிசியின் உட்பகுதியைவிடத் தவிட்டிலேயே மிகுதியாகத் தங்குவது. மண்ணிலும் நீரிலும் இவை மிகுந்துள்ள இடத்தில் தவிடு வாங்குவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். கோழி சீக்கிரம் பருப்பதற்காக ஆர்ஸெனிக் சேர்ந்த மருந்துகளையே தீவனத்திற் கலக்கும் வழக்கமும் அமெரிக்கா முதலிய நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. 2011-க்குப் பின்னரே அங்கு அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

உடலில் நிகழ்வது

கோழிக்குப் பல்லில்லை. அது விழுங்கும் சிறு கற்களே வயிற்றிலுள்ள அரைவைப் பையில் தானியத்தை அரைக்கின்றன. ஈயத்துண்டு அப்பையிற் புகுந்தால் கல்லோடு கல்லாகத் தங்கி, நாள்தோறும் தேய்ந்து, வயிற்றமிலத்திற் கரைந்து இரத்தத்திற் கலக்கும். ஒரு வேளை தின்றது பல வாரம் விஷம் தருவதாகிறது.

இரத்தத்திற் கலந்த ஈயம், செந்நிறப் பொருளை உண்டாக்குவதற்கு வேண்டிய ஒரு நொதியை முடக்குகிறது. அதனால் கொண்டை வெளுத்துச் சோகை காண்கிறது. நரம்பு தளர்ந்து கால் தடுமாறுகிறது, சிறகு தொங்குகிறது. இரை குறைகிறது, எச்சம் பச்சை நிறமாகிறது, முட்டை நின்றுபோகிறது. மேலும், கன உலோகங்கள் உயிரணுக்களின் மெல்லிய கொழுப்புச் சவ்வைப் பிராணவாயுவின் தாக்குதலுக்கு இரையாக்குகின்றன. இரும்பு துருப்பிடிப்பதுபோல அச்சவ்வு அரிக்கப்படுகிறது. ஈரலும் சிறுநீரகமும் இதனால் முதலிற் கெடுகின்றன. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிவிட்டால் எளிதில் வெளியேறுவதில்லை.

இக்குறிகளைக் கொண்டு மட்டும் விஷமென்று தீர்மானிப்பது தவறு. பச்சை எச்சமும் கால் முடக்கமும் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயிலும் உண்டு. பி-1 குறைவிலும் கழுத்துத் துவளும். இராணிக்கெட் நோய் மூச்சுத் திணறலோடு மந்தை முழுவதும் விரைந்து பரவும். பி-1 குறைவினால் வந்ததாயின் அச்சத்தைக் கொடுத்த சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குணம் தெரியும். உலோக விஷமோ மெதுவாக, ஒரே இடத்தில் மேயும் பறவைகளுக்கு மட்டும், தொற்றுப் போலன்றி நேர்வது. ஐயம் தீர்வதற்கு மாண்ட பறவையைப் புதைக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் செய்வதே வழி. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டிருப்பதால் தஞ்சை ஜில்லாவார்க்கு இது முன்போல் தூரத்துக் காரியமன்று.

ஜீவசத்துச் செய்யும் உதவி

இவ்விஷயத்தில் ஜீவசத்துக்களின் உதவி கற்பனையன்று. 1970-ல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவுப் பரிசோதனைத் துறையைச் சேர்ந்த ஃபாக்ஸ், ஃப்ரை என்னும் இரு ஆராய்ச்சியாளர் ஜப்பானியக் காடைக் குஞ்சுகளுக்குக் காட்மியம் கலந்த தீவனத்தைக் கொடுத்துப் பார்த்தனர். குஞ்சுகள் வளர்ச்சி குன்றிச் சோகையுற்றன. அதே தீவனத்தில் ஸி ஜீவசத்தும் சேர்த்துக் கொடுத்தபோது சோகை பெரிதும் தடுக்கப்பட்டது. 1972-ல் விஸ்கான்ஸினில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், பாதரச விஷம் கொடுக்கப்பட்ட காடைகளுள் சூரைமீன் கலந்த இரை தின்றவை மற்றவற்றைவிட நெடுநாள் பிழைத்தன. மீனிலுள்ள ஸெலினியம் என்னும் தாதுவே அங்கு காப்பாக நின்றது. நம்மவர் வளர்க்கும் காடையும் அந்த ஜப்பானியக் காடையினமே என்பது கவனிக்கத்தக்கது.

ஈ ஜீவசத்து உயிரணுவின் கொழுப்புச் சவ்வில் தங்கி, அரிப்பைத் தான் ஏற்றுச் சவ்வைக் காக்கிறது. ஸெலினியம் அதற்குத் துணை. ஸி ஜீவசத்து அவ்வாறு செலவான ஈ சத்தைப் புதுப்பிக்கிறது. கோழி ஸி சத்தைத் தன் சிறுநீரகத்தில் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆதலின் சாதாரண நாளில் அதற்கு அது தரவேண்டுவதில்லை. கத்திரி வெயிலிலும் விஷத்தின் வருத்தத்திலும் அவ்வுற்பத்தி போதாமற்போகிறது. அப்போது வெளியிலிருந்து தருவது பயன்படும். பி-1 சத்தும் ஈய விஷத்தில் நரம்புக்குத் துணை செய்வதாகக் கால்நடைகளிற் கண்டுள்ளனர்.

இவற்றைப் பெறக் கடைச்சரக்கு ஒன்றே வழியென்பதுமில்லை. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முளைகட்டிய தானியம், கறுக்காத புதுத் தவிடு ஆகியவை ஜீவசத்து நிறைந்தவை. தஞ்சை ஜில்லாவில் கொல்லைதோறும் கிடைப்பவை. நன்கு உண்டு கொழுத்த பறவையைவிடப் பட்டினி கிடக்கும் பறவையே விஷத்தை அதிகம் உறிஞ்சும் என்பதை நினைத்தால், தினம் ஒரு கைப்பிடிக் கீரையும் வயிறு நிறைந்த இரையும் முதற் காப்பென்பது விளங்கும்.

சுண்ணச்சத்தின் இடம் தனியானது. ஒரு முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். இரையில் அது குறைந்தால் கோழியின் குடல் கால்சியத்திற்காக ஏங்கி, அதன் சாயலுடைய ஈயத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. எலும்பினின்று கால்சியத்தை எடுக்கும்போது அங்கே முன்பு தங்கியிருந்த ஈயமும் இரத்தத்திற்கு வந்துவிடுகிறது. ஆகவே முட்டையிடும் கோழிக்குச் சுத்தமான கிளிஞ்சலை நொறுக்கி எப்போதும் வைத்திருப்பது, எந்த டானிக்கைக் காட்டிலும் மலிவான காப்பு.

காப்பின் எல்லை

இனி மறுபக்கத்தைக் காண்போம். எல்லா ஜீவசத்தும் எல்லா விஷத்திற்கும் எதிரியன்று. டி ஜீவசத்து கால்சியத்தைக் குடலிலிருந்து இரத்தத்திற்கு ஏற்றுவது. கோழிக்குஞ்சுகளில் நடத்திய ஆராய்ச்சிகளில் அது ஈயத்தையும் அவ்வாறே ஏற்றுவது காணப்பட்டது. டி சத்து எலும்புக்கு இன்றியமையாதது. அதை நிறுத்தவேண்டுமென்பது இதன் பொருளன்று. விஷ மண்ணில் மேயும் கோழிக்குப் பல ஜீவசத்தும் கலந்த தூளை அளவின்றிக் கொட்டுவதால் நன்மையே விளையுமென்று நம்புவது பேதைமை என்பதே பொருள். ஸெலினியமும் அளவு மீறினால் தானே விஷமாவது.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. காப்புச் சத்தினால் கோழி தெளிந்து, இரை தின்று, மீண்டும் முட்டையிடத் தொடங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். உடையவர் மகிழ்கிறார். ஆனால் பாட்டரித் தூள் கொல்லையில் அப்படியே கிடக்கிறது. கோழியின் உடலிற் புகும் ஈயம் ஒருவேளை குறையலாம், அடியோடு நிற்பதில்லை. அது மஞ்சள் கருவில் இறங்குகிறது. பாதரசமோ வெண்கருவிலும் சேர்வது. முன்பு நோயுற்ற கோழி முட்டையிடாதிருந்ததால் விஷம் கோழியோடு நின்றது; இப்போது அது முட்டை வழியாக வீட்டுக்குள் வருகிறது. விஷத்தின் அடையாளத்தை மறைத்து, விஷத்தை மறைக்காத மருந்து காவற்காரனை உறங்கவைத்த கதையாகும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்த கோழிகளின் முட்டையில், கடையில் விற்கும் முட்டையைக் காட்டிலும் சராசரி 40 மடங்குக்கு மேல் ஈயம் இருந்ததாக 2022-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. அங்கே தொழிற்சாலை ஏதும் கொல்லைக்குள் இல்லை. பழைய வர்ணமும், முன்னாளில் ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் மண்ணில் விட்டுச் சென்ற மிச்சமே அது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நிறுத்தப்பட்டது. ஈயமோ மண்ணிற் கரைந்து போகும் பொருளன்று.

முட்டையை உண்பது யார் என்பதே இங்கு முக்கியமான கேள்வி. சிறு குழந்தையின் குடல் பெரியவர் குடலைவிட மிகுதியாக ஈயத்தை உறிஞ்சுவது. அது மூளையின் வளர்ச்சியைக் குலைப்பது. அதற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இந்த மாகாணத்தில் 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் முட்டை சேர்க்கப்பட்டதற்குக் காரணம், முட்டை குழந்தைக்கு அமுதம் என்னும் நம்பிக்கையே. அந்நம்பிக்கை முற்றும் சரியானது. வீட்டுக் கோழியின் முட்டையும் அதற்குக் குறைந்ததன்று. அதை அமுதமாகவே வைத்திருப்பது கோழி மேயும் மண்ணைச் சுத்தமாக வைப்பதைப் பொறுத்தது.

ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் 1956-ல் மனிதரிடம் பாதரச விஷம் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே அவ்வூர்ப் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று மாண்டன. காகங்கள் பறக்கையில் விழுந்தன. முன்னறிவிப்பு வந்தது, படிப்பார் இல்லை. கொல்லைக் கோழியின் மரணமும் அத்தகைய முன்னறிவிப்பாகலாம். அதை ஜீவசத்தினால் வாய்மூடச் செய்வதைவிட, அது சொல்வதைக் கேட்பது விவேகம்.

செய்யத்தக்கவை

‘நூறு ரூபாய்க் கோழிக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்பது ஓர் ஆட்சேபம். கோழியின் விலையைக் கொண்டு கணக்கிட்டால் ஆட்சேபம் நியாயமே. முட்டை தின்னும் குழந்தையைக் கொண்டு கணக்கிடவேண்டும் என்பதே விடை. ‘தூள் வாங்கி வைப்பது எளிது; இடத்தைச் சுத்தம் செய்வது கடினம்’ என்பது மற்றோர் ஆட்சேபம். மெய்யாகவே தூள் எளிது. ஆனால் அது மாதந்தோறும் செலவு. மண்ணைச் சுத்தம் செய்வது ஒரு முறைச் செலவு.

முதலாவதாக, விஷத்தின் ஊற்றை அடைக்கவேண்டும். பழைய பாட்டரியை வீட்டில் உடைப்பதும், ஈயத்தை உருக்குவதும், குப்பைமேட்டில் எறிவதும் கூடா. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, உபயோகித்தவர் அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், சேகரித்து மறுசுழற்சி செய்வோரிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். புது பாட்டரி வாங்கும்போதே பழையதைக் கடையிற் கொடுத்துவிடுவது சுலபமான வழி. உரிந்த வர்ணத்தை ஈரத் துணியால் துடைத்தெடுக்கவேண்டும், காய்ந்தபடி சுரண்டலாகாது. சந்தேகமான இடத்தில் மேல்மண்ணை அகற்றி நல்ல மண் பரப்பி, கோழி அங்கே போகாதபடி வேலி கட்டவேண்டும். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைத்தால் மண்ணோடு விஷம் போவது பெரிதும் குறையும்.

இரண்டாவதாக, தீவனத்தை அறிந்து வாங்கவேண்டும். முழுத் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 5 மில்லிகிராம், காட்மியம் 0.5 மில்லிகிராம், பாதரசம் 0.1 மில்லிகிராம் என்னும் அளவுகளை ஐரோப்பிய நாடுகள் உச்ச வரம்பாகக் கொண்டுள்ளன. தோல் பதனிடும் கழிவைக் கோழித் தீவனத்திற் கலந்ததால் குரோமியம் மிகுந்து, வங்காள தேசத்தில் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதை நினைவிற் கொண்டு, மூலம் தெரியாத மலிவுத் தீவனத்தைத் தவிர்க்கவேண்டும். பெருமளவில் கோழி வளர்ப்போர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த தீவனப் பகுப்பாய்வுக் கூடத்திற்கு மாதிரி அனுப்பிப் பார்ப்பது நன்று.

மூன்றாவதாகவே ஜீவசத்து வரும். இடமும் இரையும் சரியானபின், தேறிவரும் பறவைக்குக் கீரையும் கிளிஞ்சலும், மருத்துவர் குறிக்கும் அளவில் ஸி, ஈ சத்துக்களும் நல்ல துணை. விஷம் முற்றியிருந்தால் உலோகத்தைப் பற்றி வெளியேற்றும் மருந்து வேறு உண்டு. அது மருத்துவர் கையால் கொடுக்கத்தக்கது. சந்தேகமான மந்தையின் முட்டையையும் ஈரலையும் பரிசோதனை முடியுமட்டும் யாருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், கொடுக்கலாகாது. விற்பதும் தகாது, தன் வீட்டில் உண்ணத் தகாததைப் பிறர் வீட்டிற்கு அனுப்புவது எந்த தர்மத்திற்கும் ஒவ்வாது.

கிராம நிர்வாக அலுவலர்க்கும் ஊராட்சித் தலைவர்க்கும் இதிற் பங்குண்டு. பாட்டரி உடைக்கும் தொழில் ஊருக்குள் மறைவாய்ப் புகுந்தால் முதலில் அறிபவர் அவர்களே. வாய்க்கால் தலைப்பிலும் களத்து மேட்டிலும் அத்தொழில் நடக்க இடங்கொடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு உடனே தெரிவிப்பது அவர்கள் கடமை. ஓர் ஊரில் பல வீடுகளில் கோழியோ வாத்தோ காரணமின்றி மாண்டால், அதை அற்பச் செய்தியென்று தள்ளாமல் கால்நடை மருந்தகத்திற்கு எழுதி அனுப்பவேண்டும். வெள்ளச் சேதத்தையும் பூச்சிச் சேதத்தையும் எழுதும் கை இதற்கும் ஒரு வரி எழுதலாம்.

எய்க்மனுடைய கோழிகளைக் காத்தது, அவை ஏன் விழுந்தன என்று விடாமல் விசாரித்த ஒரு மனிதருடைய சிரத்தை. ஜீவசத்து அதற்குப் பின்னர் அறியப்பட்டது. தஞ்சை ஜில்லாவின் கொல்லைகளிலும் அச்சிரத்தையே முதலில் வேண்டுவது. மாண்ட கோழியைப் புதைக்குமுன் அது மேய்ந்த இடத்தை ஒரு முறை சென்று பார்ப்பவர், தம் வீட்டுக் குழந்தையின் இலையில் விழும் முட்டையைக் காப்பவராவர்.